ஃபார்ம் போனால் முதலில் எதைப் பார்ப்பது? கல்லூரி விளையாட்டு மாணவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்

ஆகஸ்டில் 400 மீட்டரை 50 நொடியில் ஓடிய பையன் நவம்பரில் 52 நொடிக்கு வந்து நிற்கிறான். சர்வீஸ் தவறவே தவறாத வாலிபால் பெண், மண்டலப் போட்டியில் வரிசையாக மூன்று பந்தை வலையில் அடிக்கிறாள். கிரவுண்டில் இதற்கு உடனே கிடைக்கும் விளக்கம், "மனசு விளையாட்டுல இல்ல." உடனே கிடைக்கும் வைத்தியம், இன்னும் நாலு ரவுண்டு. விளக்கம் பாதி நேரம் தவறு. வைத்தியம் அநேகமாக எப்போதுமே தவறு.

கல்லூரி மாணவரின் உடம்பு பயிற்சியை மட்டும் சுமப்பதில்லை. இன்டர்னல் தேர்வு, அரியர், விடுதிச் சத்தம், ஸ்போர்ட்ஸ் கோட்டா சலுகை போய்விடுமோ என்ற பயம், வீட்டுக் கவலை எல்லாம் அதே கணக்கில்தான் ஏறுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர்கள் 101 பேரைக் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தேர்வு நெருக்கும் வாரங்களில் காயம்படும் வாய்ப்பு சாதாரண வாரங்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு இருந்தது. கேள்வித்தாள் தசையைக் கிழிக்காது. தூக்கம் குறைந்து, தசை இறுகி, கவனம் சிதறிய உடம்பில் வழக்கமான பயிற்சியே காயமாகிவிடுகிறது.

எனவே தேடும் வரிசை இது: தூக்கம், சாப்பாடு, ரத்தம், பயிற்சிச் சுமை, வலி, மனம். மனத்தைக் கடைசியில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்னால் உள்ளவற்றைச் சோதிக்கச் செலவு குறைவு; அவற்றில் எது குறைந்தாலும் வெளியே தெரிவது மனக்கோளாறு போலத்தான் இருக்கும். தூங்காதவன் எரிந்து விழுவான். இரும்புச்சத்து குறைந்தவள் சோம்பேறி மாதிரித் தெரிவாள்.

ஒரு நோட்டு, ஐந்து எண்கள்

நாற்பது பக்க நோட்டு போதும், செயலி எதுவும் வேண்டாம். காலையில் எழுந்தவுடன் ஐந்து விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடவும்: தூக்கம், அசதி, தசைவலி, மன இறுக்கம், மனநிலை. மிக மோசம் என்றால் 1, மிக நன்று என்றால் 5. கூட்டினால் 25-க்கு ஒரு எண் வரும். 17 நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. ஒருவருக்கு 17 வழக்கமான நாள், இன்னொருவருக்கு அது எச்சரிக்கை. முதல் இரண்டு வாரத்தின் சராசரியை அடியில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து நாலைந்து எண் குறைந்து மூன்று நாள் தொடர்ந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்பது நல்ல கைக்கணக்கு.

பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து இன்னொரு எண்: இன்றைய பயிற்சி மொத்தத்தில் எவ்வளவு கடினம்? 0 என்றால் ஓய்வு, 10 என்றால் இதற்கு மேல் முடியாது. அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கவும். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. வாரக் கடைசியில் ஏழு நாளையும் கூட்டினால் அந்த வாரத்தின் சுமை கிடைக்கும். உடனே கேட்டால் கடைசி ஸ்பிரின்டின் மூச்சிரைப்புக்குத்தான் எண் கிடைக்கும். அரை மணி பொறுப்பது அதற்காகத்தான்.

பலூனில் காற்றடித்த மாதிரி எண்கள் 5, 5, 5 என்றே வந்தால் நோட்டு செத்துவிட்டது என்று பொருள். இந்த எண்ணைப் பார்த்து அணியில் சேர்ப்பதோ நீக்குவதோ நடந்தால் மறுநாளிலிருந்து எல்லாரும் 5 போடுவார்கள். நோட்டு தேர்வுக்குழுவுக்குப் போகாது என்பதைப் பி.டி. சார் முதல் நாளே சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். "ஏன்டா இவ்ளோ சோம்பல்?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தப்பா? ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் தகவல் வரும்.

தூக்கம்

இங்கேதான் முக்கால்வாசிப் பிரச்சினை. காலை 5.30-க்கு கிரவுண்டு, விடுதியில் விளக்கு அணைவது 11.30, கைப்பேசி அணைவது 12.30. மிஞ்சுவது நாலரை மணி நேரம். இந்த வயதில், இந்த உழைப்புக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலையின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவில் ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியிருந்தது, ஸ்பிரின்ட் நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5-க்கு இறங்கியிருந்தது. சின்ன ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. ஆனாலும் பொடி எதையும் வாங்குமுன் தூக்கத்தைச் சரிசெய்து பார்க்கச் சொல்ல இது போதும்.

"ஒன்பது மணிக்குப் படு" என்று விடுதி மாணவருக்குச் சொல்வது வெறும் பேச்சு. நடக்கக்கூடியது இதுதான். இரவு 10 முதல் 5 வரை ஏழு மணி நேரம் உறுதி செய்யவும். மதியம் 3 மணிக்குள் 20 முதல் 30 நிமிடத் தூக்கம் சேர்க்கவும். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். எழுந்து அரை மணி நேரமாவது கழித்தே பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் காலைப் பயிற்சியை எடுத்துவிட்டு மாலைக்கு மாற்றவும். ஆறு நாளும் விடியற்காலையில் ஓடினால்தான் ஒழுக்கம் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். வார்டனிடம் பேசி விளையாட்டு மாணவர்களை ஒரே வராந்தாவில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருவன் 10 மணிக்குப் படுக்க, அறையில் மற்ற மூவரும் 1 மணிவரை விளையாடினால் எந்த அறிவுரையும் நிற்காது.

காபி குடித்தபின் அதன் பாதி ரத்தத்தைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலைப் பயிற்சிக்கு முன் 5 மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபி இரவு 10 மணிக்குப் பாதியளவு வேலை செய்துகொண்டிருக்கும். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராவிட்டால் பதற வேண்டாம். ஒரு ராத்திரி கெட்டதால் ஆட்டம் பெரிதாகக் கெடாது, அதற்கு முந்தைய ஒரு வாரம்தான் கணக்கு.

மெஸ் சாப்பாட்டிலேயே கணக்கு முடியும்

60 கிலோ எடையுள்ள, நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 6 கிராம் மாவுச்சத்து, அதாவது 360 கிராம் வேண்டும். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது 95 கிராம் அளவில். மாவுச்சத்தை மெஸ் தாராளமாகத் தரும். புரதம்தான் இடிக்கும்.

காலை 5.15-க்கு ஒரு வாழைப்பழம், வேண்டுமானால் ஒரு கடலை உருண்டை. பயிற்சி முடிந்ததும் ஐந்து இட்லி, நிறையப் பருப்பு உள்ள சாம்பார், இரண்டு முட்டை. புரதம் 25 கிராம் தாண்டும். மதியம் சோறு, சாம்பார், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 200 கிராம் தயிர், இன்னொரு 30. மாலை ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், 14. இரவு நாலு சப்பாத்தியுடன் 100 கிராம் கோழி, அல்லது உலர்ந்த நிலையில் 40 கிராம் சோயா உருண்டை போட்ட குருமா, 30-க்கு மேல். கணக்கு முடிந்தது. புரதப் பவுடர் டப்பா எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா?

இது தாளில் சரியாக வரும். நடைமுறையில் காலை உணவில்தான் உடையும். பயிற்சி 8 மணிக்கு முடியும், குளித்து வருவதற்குள் மெஸ் மூடும், 8.45-க்கு முதல் வகுப்பு. அந்த மாணவர் முந்தைய இரவு 8.30-க்குப் பிறகு மதியம் 12.45-க்குத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இதை மாணவரால் சரிசெய்ய முடியாது. பி.டி. சாரின் கையெழுத்துடன் ஒரு பட்டியல் மெஸ்ஸுக்குப் போய், பத்துப் பேருக்கு இட்லியும் முட்டையும் எடுத்துவைக்கப்பட்டால் முடியும். ஒரு அணிக்குச் செய்யக்கூடிய மிகப் பலனுள்ள நிர்வாக வேலை இதுதான்.

எடைப்பிரிவு விளையாட்டுகளிலும் நீள ஓட்டத்திலும் வேறொரு சிக்கல் உண்டு: வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுவது. உழைப்புக்குப் போக உடம்புக்கு மிஞ்சும் சக்தி, கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழ் போய் அப்படியே நீடித்தால் உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், சளி அடிக்கடி பிடிக்கும், பையன்களுக்கு ஹார்மோன் குறையும். மூன்று மாதம் மாதவிடாய் வராததை "நல்லா ட்ரெயினிங் பண்றா" என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. அது மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி. பயிற்றுநர் எல்லார் முன்னாலும் எடை போட்டுச் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினாலே இந்தப் பிரச்சினையில் ஒரு பகுதி குறையும். மாணவிகளின் எடை, மாதவிடாய் பற்றிப் பேச ஒரு பெண் ஆசிரியரோ செவிலியரோ இருக்க வேண்டும்.

ரத்தம்

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாணவியர் அணியில் பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே சீசனைத் தொடங்குவது புத்திசாலித்தனம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. அதோடு உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய அளவு. காய்ச்சல் இருக்கும்போதோ கடும் பயிற்சிக்கு மறுநாளோ எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். அசைவம் சாப்பிடுவோருக்கு ஈரலும் சுவரொட்டியும் இதைவிட வேகமான வழி. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிப்போடவும். மாத்திரையை ரிப்போர்ட் பார்க்காமல் தானாகப் போட வேண்டாம்.

சுமையும் தேர்வு வாரமும்

ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்குச் சுமை எகிறுவதுதான் காயத்துக்கு வழி. செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, வந்த முதல் திங்களன்றே பழைய அளவைத் தொடுவது நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. பாதி அளவில் தொடங்கி மூன்று நாலு வாரத்தில் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

தேர்வு வாரத்தில் அளவைப் பாதியாகக் குறைக்கவும், வேகத்தைக் குறைக்க வேண்டாம். ஆறு 200 மீட்டருக்குப் பதில் மூன்று, அதே வேகத்தில், முழு ஓய்வுடன். போட்டிக்கு முன் அளவைக் குறைத்து வேகத்தைக் காக்கும் அதே முறைதான் இது, எனவே ஃபார்ம் போகும் என்ற பயம் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று விதியே உண்டு. இங்கே அந்தக் கோட்டைப் பயிற்றுநர்தான் போட வேண்டும்.

வெயில்

பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்கவும். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் போதுமான அளவு குடிக்கவில்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் 1.25 முதல் 1.5 லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சை, கால் டீஸ்பூன் உப்பு, நாலு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்தால் கடைச் சரக்குக்குச் சமம். இளநீரில் உப்பு குறைவு, ஒரு சிட்டிகை சேர்க்கவும். எடை கூடிப்போனால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான்.

வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது; வெப்பமானியில் மதுரையைவிடக் குறைவாகக் காட்டினாலும் சென்னையில் உடம்பு சூடேறலாம்.

ஒருவர் தள்ளாடி, உளறி, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். "வியர்வை வருதே, ஒண்ணும் இல்ல" என்று விடக்கூடாது. ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை இருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருமுன்பே குளிர்விக்கத் தொடங்கவும். பெரிய தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாயின் ஓரங்களை ஆறு பேர் தூக்கிப் பிடித்து, நடுவில் அவரைப் படுக்கவைத்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தலை மேலே இருக்கட்டும், மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கும். கோடையில் கேன்டீனிலோ பக்கத்துக் கூல் டிரிங்ஸ் கடையிலோ ஐஸ் எங்கே கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வலி

ஷின் பெயின், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி, என்று வருபவரிடம் "ஒரு விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். உள்பக்க எலும்பின் ஓரமாக ஒரு சாண் அளவுக்கு உள்ளங்கையை இழுத்துக் காட்டினால் அநேகமாகச் சாதாரண ஷின் பெயின். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் விரலை வைத்து அழுத்தினால் துள்ளுகிறார், ஒற்றைக்காலில் குதித்தால் வலிக்கிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஒரு அடிகூட ஓடக்கூடாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக வந்துவிடும், அதை நம்பித் திரும்ப ஓடவிட்டுத்தான் முழு முறிவில் முடிகிறது. எம்.ஆர்.ஐ.-யில் தெரியும்.

தொடையின் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி: மண்டியிட்டு நிற்க, கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முதுகும் இடுப்பும் நேராக மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் 3 வீதம் இரண்டு செட், ஆறேழு வாரத்தில் 8 வீதம் மூன்று செட். ஹாம்ஸ்ட்ரிங் காயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. பயிற்சியின் முடிவில் செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும்.

கபடியிலோ கால்பந்திலோ தலையில் அடிபட்டுக் குழம்பியவர் அன்று மறுபடி இறங்கக்கூடாது, இறுதிப் போட்டியாக இருந்தாலும். வலியூசி போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். வலியை மறைப்பது ஒருபுறம், நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஊக்கமருந்து பற்றி ஒரே குறிப்பு. உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது, யார் கொடுத்தார் என்பது இரண்டாவது பேச்சு. வீக்கம் தணிக்கப் போடும் ஸ்டீராய்டு (குளுக்கோகார்டிகாய்டு) ஊசிகள் எந்த வழியில் போட்டாலும் 2022 முதலும், டிரமடால் என்ற வலிமருந்து 2024 முதலும் போட்டிக் காலத்தில் தடை. மூட்டுவலிக்கு ஊசி, எடை ஏற மாத்திரை, ஜிம்மில் லேபிள் இல்லாத பொடி எதுவானாலும் வாங்குமுன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் மருந்துத் தேடலில் பார்க்கவும்.

மனம்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும், பயிற்சியில் வருவது போட்டியில் வரவில்லை என்றால் இப்போது இங்கே வரலாம்.

ஹீட்ஸுக்கு (முதல் தகுதிச் சுற்றுக்கு) முன் கை நடுங்குவதும் வயிறு கலங்குவதும் நோய் இல்லை. அதை அடக்கப் பார்ப்பதைவிட "உடம்பு ரெடியாகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நன்றாக வேலை செய்யும். மிகையாக இருந்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடவும், மூன்று முதல் ஐந்து நிமிடம். இதைப் போட்டியன்று முதல்முறையாகச் செய்தால் பலிக்காது. இரவு படுக்கும்போது தினமும் செய்து பழகியிருக்க வேண்டும்.

நெருக்கடியில் சர்வீஸ் ஏன் வலையில் போகிறது? ஆயிரம் முறை போட்டுத் தானாக ஓடும் செயலை, பயத்தில் கையின் ஒவ்வொரு அசைவாகக் கவனிக்கத் தொடங்குகிறோம். கவனம் உள்ளே போனதும் ஓட்டம் தடுமாறுகிறது. எனவே கவனத்தை வெளியே வைக்க வேண்டும். பந்தை இரண்டு முறை தட்டு, மூச்சை விடு, எதிர்க்களத்தில் பந்து விழ வேண்டிய ஒரு இடத்தைப் பார், ஒரே ஒரு சொல் சொல், அடி. ஏழெட்டு நொடிக்குள் முடிய வேண்டும். பயிற்சியில் போடும் ஒவ்வொரு சர்வீஸும் இதே வரிசையில் இருக்க வேண்டும். பயிற்றுநரின் வார்த்தையும் அப்படியே: "முழங்காலைத் தூக்கு" என்பதைவிட "தரையைத் தள்ளு" என்பது ஓட்டக்காரருக்கு நல்லது. ஆட்டத்துக்கு நடுவில் "முழங்கையை நேராக்கு" என்று கத்துவது, தடுமாறுபவரை மேலும் தடுமாறவைக்கும்.

மனக்காட்சிப் பயிற்சியை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், சரியாகச் செய்பவர்கள் குறைவு. கண்ணை மூடி, டிவியில் தன்னைப் பார்ப்பது போல இல்லாமல், தன் கண்ணால் டிராக்கைப் பார்க்க வேண்டும். ஸ்பைக்ஸ் போட்டு, பிளாக்கின் நிலையில் நின்று செய்தால் இன்னும் நல்லது. கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கட்டும். 50 நொடி ஓடுபவர் மனத்தில் ஓடி முடித்து வாட்சை அழுத்தினால் 48 முதல் 52-க்குள் வர வேண்டும். 30 நொடியில் முடித்துவிட்டார் என்றால் கடைசி 100 மீட்டரின் எரிச்சலைத் தாண்டிக் குதித்திருக்கிறார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டவும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும்.

நெருக்கடியைப் பயிற்சியிலும் கொண்டுவர வேண்டும். கடைசிப் பத்து நிமிடம், ஸ்கோர் 23-24, மற்ற அணிகள் சுற்றி நின்று கத்தட்டும், ஒரே ஒரு சர்வீஸ். களைத்த பின் வரும் அந்த ஒன்றுதான் போட்டிக்கு நெருக்கமானது.

வெளியூர்ப் போட்டியில் இதெல்லாம் ரயிலிலேயே கரைந்துவிடும். வடக்கே பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு இரண்டு நாள் ஸ்லீப்பரில் போய், மறுநாள் காலை ஹீட்ஸ் ஓடச் சொல்வது பணம் மிச்சம் பிடிக்கும் வழி, பதக்கம் வாங்கும் வழி இல்லை. குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி, அன்று வெறும் மெல்லோட்டம். வழியில் சாப்பிட முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு எண்ணெய் தடவிய பொடி இட்லியை நம்பாமல் சப்பாத்தி, வேர்க்கடலை, பழம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு நாலு. குளிர் ஊர் என்றால் வார்ம்-அப்பைப் பத்து நிமிடம் நீட்டவும்.

காயம் பட்டவரும் ஒதுங்குபவரும்

முட்டியில் தசைநார் கிழிந்த மாணவரின் நாளை எண்ணிப் பாருங்கள். அதுவரை காலையும் மாலையும் கிரவுண்டில், அணியோடு, பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர். இப்போது அறையில் தனியாக. "நான் ஸ்போர்ட்ஸ்மேன்" என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவருக்கு, காயம் ஆறித் திரும்பும்வரை போகும் இந்த ஒன்பது மாதம் மிகக் கடினம். அவரைக் கிரவுண்டை விட்டு விலக்க வேண்டாம். நேரம் எடுக்க, ஸ்கோர் எழுத, ஜூனியர்களின் வார்ம்-அப்பைப் பார்க்க வேலை கொடுக்கவும். மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரக் குறி வைக்கவும்: முட்டி இத்தனை டிகிரி மடங்க வேண்டும், ஒற்றைக்காலில் இத்தனை முறை எழ வேண்டும். காயத்தைச் சொன்னதற்காகச் சலுகை போகாது என்று கல்லூரி எழுத்தில் தந்தால், மறைத்து விளையாடி முற்றவைக்கும் கதைகள் குறையும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ மாறி, பிடித்த ஆட்டத்திலும் ஆசை விட்டுப்போய், பேச்சு குறைந்து, குடி தொடங்கியிருந்தால் பயிற்றுநரின் உற்சாகப் பேச்சுக்கு அங்கே வேலை இல்லை; மனநல மருத்துவர் வேண்டும். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

திடீரென்று கிரவுண்டுக்கு வர மறுக்கும் மாணவியிடம் சோம்பல் என்று முடிவு கட்டுமுன், அங்கே யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று ஒரு பெண் ஆசிரியர் தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதன் உறுப்பினர் பெயரும் எண்ணும் விளையாட்டு அறைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

கடைசி ஆண்டு

கடைசிப் போட்டி முடிந்த மறுநாளே பயிற்சி மொத்தமாக நின்றுவிடும், பசி மட்டும் பழையபடி இருக்கும். தூக்கம் தள்ளிப்போகும், மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ ஏறும், மனம் காரணம் தெரியாமல் சோர்ந்துபோகும். வாரம் ஆறு நாளிலிருந்து முதல் மாதம் நாலு, பிறகு மூன்று என்று இறக்கவும். காலை எழும் நேரத்தை மாற்ற வேண்டாம். சோற்றின் அளவைக் குறைக்கலாம், முட்டையையும் பருப்பையும் குறைக்க வேண்டாம். காவலர், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் போட்டிச் சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று கல்லூரியை விட்டுப் போகுமுன்பே சரிபார்த்து, தவறு இருந்தால் பி.டி. சார் இருக்கும்போதே திருத்தி வாங்கிக்கொள்ளவும்.